ஏழு வீடுகளின் சொந்தக்காரர்

என் கணவர் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். அவருக்கு ஏழு வீடுகள் சொந்தம். எல்லாம் வார்ப்பிரும்பு, எதுவும் ஒரு சாண் உயரத்தைத் தாண்டாது. வெள்ளைக்காரன் காலத்து உண்டியல்கள். கூரையில் காசு போடப் பிளவு, அடியில் திருகிக் கழற்ற ஒரு மரை. முதலாவதைச் செவ்வாய்ப்பேட்டை பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கினார். மற்றவை ஏற்காட்டுப் பங்களாக்களில் கழித்துக்கட்டியவை. நாங்கள் குடியிருப்பது வாடகைக்கு.

எங்கள் மகளைப் பெண் பார்க்கப் பரமத்தி வேலூரிலிருந்து வந்தார்கள். பஜ்ஜி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா மேற்கூரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சொந்த ஊடுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "இது வாடகைங்க. சொந்தமா ஏழு ஊடு இருக்குதுங்க."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "டவுனுக்குள்ளயேங்களா?"

"உள் ரூம்லங்க. இருங்க, எடுத்துட்டு வாரேன்."

நான் காபித் தட்டோடு சமையலறைக்குள் நழுவினேன். அங்கே மகள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது டீப்பாய்மேல் ஒரு தெருவே இருந்தது. அதுவரை பேசாமலிருந்த மாப்பிள்ளையின் அப்பா, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், ஒரு வீட்டை மடியில் தூக்கி வைத்திருந்தார்.

"அட, கதவு தொறக்குதுங்களே!"

சட்டைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்துப் போட்டார். அதை வெளியே எடுக்க இரண்டு பேரும் ஸ்குரூடிரைவரோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அம்மா "நேரமாச்சுங்க" என்றது யார் காதிலும் விழவில்லை. மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தரகர் கூப்பிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்றார். பார்க்க வருவதற்கு முன்பு அதே ஜாதகம் பிரமாதமாகப் பொருந்தியிருந்தது. இவருக்கு நிஜமாகவே வருத்தம். "நான் பொய் சொல்லலியே" என்று இரண்டு நாள் புலம்பினார்.

அடுத்த மாதம் மாப்பிள்ளையின் அப்பா மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கினார். மஞ்சப்பையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் கரூரில் தேடிப் பிடித்த ஓர் இரும்பு வீடும். "பொண்ணு விசயமா வரலீங்க" என்று வாசலிலேயே என்னிடம் தெளிவுபடுத்தினார். பிறகு மாதம் தவறாமல் வந்தார். என் மகள் தன்னோடு வேலை பார்த்த வாழப்பாடிப் பையனைக் கட்டிக்கொண்டபோது, முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டார்.

கண் ஆஸ்பத்திரிக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறார் என்பது, போன வாரம் அவர் மனைவி எனக்குப் போன் செய்தபோதுதான் தெரிந்தது.

"எங்கூட்டுக்காரரு அங்கதான் இருக்காருங்களா?"

"சாப்ட்டுட்டு இருக்காருங்க. கூப்புடட்டுங்களா?"

"வேண்டாங்க. ரசத்துல புளியக் கொறச்சுப் போடுங்க. அவருக்கு ஆகாது."