நின்றுபோகாத லாரி

சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர், "லாரி ஒண்ணு வாங்கப் போறேன்" என்று சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பணத்தை நினைத்து வந்த கவலை அல்ல அது. லாரி வழியில் நின்றுபோனால் என் கதி என்ன என்பதுதான் கவலை. மற்ற வீடுகளில் வண்டி நின்றால் வண்டி நின்றது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் வண்டி நின்றால் அது என் கால் ராசி.

நான் அரிமளத்துக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த மாதமே, கடலை மூட்டை ஏற்றிப் போன எங்கள் மாட்டு வண்டியில் இடப்பக்கத்து மாடு படுத்துச் செத்துப்போனது. அதற்கு முன்பே அது சரியாகத் தீனி எடுக்கவில்லை என்று வேலையாள் சொல்லிக்கொண்டிருந்தான். அதை யாரும் காதில் வாங்கவில்லை. "இவ கால் வச்ச நேரம், தொழுவம் காலி" என்றார்கள் என் மாமியார். பிறகு மழையில் கொட்டகைச் சுவர் விழுந்தது. வண்டி அச்சு முறிந்தது. எல்லாவற்றுக்கும் என் கால்தான். ஒரு பெண்ணின் இரண்டு கால்கள் இத்தனை வேலை செய்யுமா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய், உயிரோடு திரும்பியும் வந்தார். அது மட்டும் என் ராசியில் சேரவில்லை. மாமியார் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்ததால் வந்தாராம்.

வீட்டிலிருந்து யார் வெளியே கிளம்பினாலும் நான் எதிரே வரக்கூடாது. அடுப்படிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். வண்டி தெருமுனை தாண்டும் வரை அங்கேயே நிற்பேன். பிறகு அது திரும்பி வரும் வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. பானையைக் கழுவுவேன், கழுவிய பானையை மறுபடியும் கழுவுவேன். மாட்டுக்கே இப்படி என்றால், லாரிக்கு எப்படி? மாட்டுக்கு நான்கு கால், ஒரு வாய். லாரியில் எத்தனை குழாய், எத்தனை திருகாணி! ஒவ்வொன்றும் என் கழுத்துக்கு ஒரு கத்தி என்று தோன்றியது.

"நானும் வாரேன். நான் பாத்துத்தான் வாங்கணும்" என்றேன் அவரிடம்.

"லாரியப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

"நின்னா என்ன ஆகும்னு ஒங்கள விட எனக்குத் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. தன் தாயிடம் போய், பிள்ளை வரம் வேண்டி மலைக்கோட்டைப் பிள்ளையாருக்கு வேண்டுதல் இருக்கிறது, இவளையும் அழைத்துப் போகிறேன் என்றார். பிள்ளையார் பெயரைச் சொன்னதால் மாமியாரால் மறுக்க முடியவில்லை. புதுக்கோட்டையில் ரயில் ஏறித் திருச்சிக்குப் போனோம்.

பட்டாளம் கழித்துக் கட்டிய லாரிகளை ஏலத்தில் எடுத்து விற்கும் கொட்டடி ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. நாங்கள் போனபோது வெயில் ஏறவில்லை. முதலாளி எங்களை நேரே ஒரு லாரியிடம் அழைத்துப் போனார். புது நீலப் பெயிண்ட், முன்னால் ஒரு சாமந்தி மாலை. கல்யாண மாப்பிள்ளை கெட்டான். அடுத்து நின்றது பட்டாளத்துப் பச்சை நிறம் உரிந்த ஒரு லாரி. மட்கார்டு நசுங்கியிருந்தது, ஒரு பக்கத்துக் கதவுக்குக் கயிறு கட்டியிருந்தார்கள்.  அதில் ஏறி ஊருக்குள் போனால் மாமியார் லாரியைக்கூடப் பார்க்க மாட்டார்கள், என் காலைத்தான் பார்ப்பார்கள்.

"நீலத்தப் பாருங்க. ஒரு வாரமா எடுக்கவே இல்ல. இப்பக்கூட ஒரே சுத்துல கெளம்பும்" என்றார் முதலாளி. ஆள் ஒருவன் லாரியின் முன்பக்கத்தில் ஹேண்டிலைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினான். லாரி உடனே உறுமிக் கிளம்பியது. என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சக்கரங்களைப் பார்க்கப் பின்பக்கம் போனார்.

எனக்கு மனம் அமரவில்லை. ஒரு சுற்றில் கிளம்புகிற எதையும் நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. சும்மா நிற்க முடியாமல் அதன் மூக்குப் பக்கம் போய்ப் பானெட்டின் மேல் கை வைத்தேன். சுரீர் என்றது. நாளெல்லாம் அடுப்படியில் நிற்கிறவளுக்கு இப்போது மூட்டிய அடுப்பு எது, வெகுநேரமாக எரியும் அடுப்பு எது என்று தெரியாதா?

"ஏங்க, இங்கிட்டு வாங்க. ஒரு வாரமாத் தூங்குனதுக்கு இம்புட்டுக் காய்ச்சலா?"

அவர் வந்து தொட்டுப் பார்த்தார். முதலாளி வெயில் என்றார். வெயில் இன்னும் கொட்டகை ஓரத்துக்கே வரவில்லை. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் சண்டை போடவில்லை. "ஆறட்டுங்க. மலைக்கோட்டைக்குப் போயிட்டுச் சாயங்காலமா வாரோம்" என்றார். பிள்ளையாரைப் பார்த்தோம். அவரிடம் பிள்ளை வரம் கேட்க வேண்டியவள், நிற்காத லாரி கேட்டேன். சாயங்காலம் வந்தால், சுற்றுகிறவன் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. நீலம் இருமியது, தும்மியது, கிளம்பவில்லை. மாலை மட்டும் ஆடியது.

நசுங்கிய லாரி சில்லென்று இருந்தது. இரண்டாவது சுற்றில் கிளம்பியது. என் வீட்டுக்காரர் அடியில் படுத்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஓடவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து நன்றாக இருக்கிறது என்றார். எனக்குப் போதவில்லை.

"வெறுங்கையோட யாரும் நல்லாத்தான் நடப்பாங்க. பாரம் ஏத்துங்க."

எங்கள் பக்கம் வண்டி மாடு வாங்கினால் பல் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், கடைசியில் வண்டிச் சக்கரம் சுழலாதபடி கட்டிவிட்டு இழுக்கச் சொல்வார்கள். மனசுள்ள மாடு முட்டி போட்டாவது இழுக்கும். லாரிக்கு மட்டும் என்ன மரியாதை? முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "மாட்டுச் சந்தைன்னு நெனச்சுட்டீங்களாம்மா?" என்றார். ஆனால் என் வீட்டுக்காரர் அங்கே கிடந்த மணல் மூட்டைகளை ஏற்றச் சொன்னார். ஆள் ஒருவன் பின்னால் ஏறிக்கொண்டான். நான் முன்னால் ஏறினேன். பக்கத்திலிருந்த மேட்டில் பாதி தூரம் ஏறியதும் நிறுத்தி, மறுபடியும் எடுத்தார். லாரி முனகியது, பின்னால் ஒரு சாண் சரிந்தது, பிறகு ஏறியது. கதவுக் கயிற்றைப் பிடித்திருந்த என் கை சிவந்துவிட்டது.

"நிக்குமா?" என்று கேட்டேன்.

"நிக்கும். ஓடுறது எல்லாம் ஒருநா நிக்கும். நின்னா, ஏன் நின்னுச்சுன்னு பாப்போம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அந்த மாடு ஏன் செத்தது என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நான் இருந்தேன், அது போதுமாக இருந்தது. "இதையே வாங்குங்க" என்றேன்.

பேப்பர் வேலை முடியும் வரை திருச்சியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். பஸ் கண்டக்டரிடம் ஊருக்குச் சொல்லி அனுப்பினார். பெட்ரோல் ரேஷன் கூப்பனுக்கு அலைந்தார். ஒருவழியாகக் கிளம்பி, கீரனூர், புதுக்கோட்டை எல்லாம் தாண்டி வந்தோம். வழி நெடுக நான் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். சத்தம் மாறினாலும் பயம், மாறாவிட்டாலும் பயம். எங்கள் ஊர் ஊருணிக் கரை வந்ததும், "நிறுத்துங்க, நான் எறங்கி நடந்து வந்துர்றேன். அயித்தை கண்ணுல நான் மொதல்ல பட வேணாம்" என்றேன்.

அவர் நிறுத்தினார். "எறங்குறதுன்னா எறங்கு. ஆனா இன்னைக்கு எறங்குனா எப்பவும் எறங்கணும்" என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொல்வது அவருக்குச் சுலபம், கேட்கப்போவது நான். ஆனாலும் கால் கீழே இறங்க மறுத்தது. "எடுங்க" என்றேன்.

வாசலில் ஊரே கூடியிருந்தது. மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். லாரி வீட்டுக்கு நேரே வந்தது. வந்து, ஒரு குலுக்குக் குலுக்கி, நின்றது. அவர் நிறுத்தவில்லை. தானாகவே நின்றது.

 எல்லாக் கண்களும் வண்டியை விட்டு என்மேல் வந்தன. மாமியார் உதடு ஏதோ சொல்லத் துடித்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். ஒரு சின்னக் குழாயைக் கழற்றி, வாய் வைத்து ஊதி, உள்ளங்கையில் தட்டினார். நெல் முனை அளவுக்கு ஒரு துரும்பு. அதைத் தாயிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"ஆத்தா, இதான். பெட்ரோல் வர்ற வழியில அடச்சிருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல."

மாமியார் அந்தத் துரும்பைக் குனிந்து நன்றாகப் பார்த்தார்கள். 

"சரிதான்டா. இம்புட்டுத் தூரம் வந்த தூசி, இவ ஏறி வந்த அன்னைக்குப் பாத்து, நம்ம வாசல்ல வந்துதானே அடச்சுச்சு?" என்றார்கள். பிறகு என்னைப் பார்த்து, "நீ எறங்கி உள்ள போத்தா. ஆலாத்தி சுத்தணும்" என்றார்கள்.

இத்தனை காலமும் போ என்றால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போனவள் நான். அன்று எனக்கு வந்தது பயம் அல்ல, ஆத்திரம்.  துரும்பைக் கண்ணால் பார்த்த பிறகும் இப்படியா?

"எறங்க மாட்டேன் அயித்த. சுத்துறதுன்னா இப்படியே சுத்துங்க."

என் வீட்டுக்காரர் குழாயை மாட்டி, பானெட்டை மூடிவிட்டு ஹேண்டிலைச் சுற்றினார். லாரி கிளம்பியது. அந்த ஆட்டத்தில் நானும் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டில் கற்பூரம் கரைந்துகொண்டிருந்தது. அது அணைந்தால் லாரிக்கு ஆகாது. மாமியார் தட்டைத் தூக்கினார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை, லாரியை மட்டும் பார்த்து மூன்று முறை சுற்றினார்கள். நான் லாரிக்குள்தான் இருந்தேன்.