சித்தப்பாவின் துறைமுகத்து இங்கிலிஷ்

எங்கள் வீட்டில் இங்கிலிஷ் அப்பாவின் தனிச்சொத்து. யாழ்ப்பாணத்தில் பெரிய கல்லூரியில் இலக்கணம் பிசகாமல் படித்தவர். இங்கிலாந்துக்கு வந்து எட்மண்டனில் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்தாலும், கவுன்சிலுக்குக் கடிதம் எழுத வேண்டிய சனமெல்லாம் அவரைத்தான் தேடி வரும். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த தம்பிதான் என் சித்தப்பா.

சித்தப்பா அகதியாக வந்த கையோடு, யாரோ வேலை இருக்கிறது என்று சொன்னதை நம்பி ஸ்கொட்லாந்துக்குப் போய்விட்டார். அங்கே வடகிழக்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் ஐந்து வருடம் மீன் வெட்டினார். இங்கிலிஷில் ஒரு சொல்லும் தெரியாமல் போனவர், பக்கத்தில் நின்று வெட்டிய பெண்களிடம் இருந்தே எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டார். எண்பதுகளின் கடைசியில் எங்களோடு வந்து தங்கியபோது, அவர் வாயைத் திறந்தாலே அப்பா நெளிவார். பெட்டை என்றால் ‘க்வைன்’, பொடியன் ‘லூன்’, சுகம் விசாரிப்பது ‘ஃபிட் லைக்’. இவற்றில் ஒன்றுகூட அப்பாவின் அகராதியில் இல்லை.

“உன்ர உடைஞ்ச இங்கிலிஷைப் பிள்ளைக்கு முன்னால கதையாதை” என்று அப்பா கண்டிப்பார். ஆனால் அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போனால் என்னைப் பார்த்துக்கொள்வது சித்தப்பாதான். எனக்கு ஏழு வயது. அந்தப் பேச்சு சளிக்காய்ச்சல்போல் தொற்றிக்கொண்டது.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. பிள்ளைக்கு இங்கிலிஷ் போதாதாம். ஓர் ஆசிரியை சோதித்துப் பார்ப்பார், தேறாவிட்டால் தனி அறையில் வைத்துப் படிப்பிப்பார்கள். அந்த அறை எனக்குத் தெரியும். படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. அங்கே போகிற பிள்ளைகளை விளையாட்டில் யாரும் சேர்ப்பதில்லை. உண்மையைச் சொன்னால் நானும் சேர்த்ததில்லை. அதனால்தான் அப்படிப் பயந்தேன்.

சோதனை நாளில் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு பக்கத்தில் அழகான கடிதம் ஒன்று எழுதி சித்தப்பாவிடம் கொடுத்தார். “இதைக் குடுத்திட்டுப் பேசாமல் இரு. வாய் மட்டும் திறந்திடாதை.”

“ஓம் அண்ணை” என்றார் சித்தப்பா.

ஆசிரியைக்கு ஐம்பது வயதிருக்கும். வானொலியில் செய்தி வாசிப்பவர்களைப்போல் பேசினார். சித்தப்பா கடிதத்தைக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு சிறுவன். “லூன்” என்றேன். ஒரு சிறுமி. “க்வைன்.” அவர் படங்களைக் கீழே வைத்துவிட்டு, இதையெல்லாம் யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். கொஞ்சமும் யோசிக்காமல் சித்தப்பாவைக் காட்டிக்கொடுத்தேன்.

சித்தப்பா பதறி எழுந்தார். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு பறந்தது. தன் பிழைதான், பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம் என்று அதே துறைமுகத்துப் பேச்சில் மன்னிப்புக் கேட்டார்.

ஆசிரியையும் அதே பேச்சில் பதில் சொன்னார். செய்தி வாசிக்கும் குரல் போன இடம் தெரியவில்லை. இருவரும் மளமளவென்று பேசினார்கள். எனக்குப் பாதிதான் விளங்கியது.

கடைசியில் ஆசிரியை என் பக்கம் திரும்பி, நிதானமாகச் சாதாரண இங்கிலிஷில் சொன்னார். இது உடைந்த இங்கிலிஷ் இல்லையாம். ஸ்கொட்ஸ் என்ற பாஷையாம், இங்கிலிஷின் சகோதரியாம். ஒருகாலத்தில் அரசர்களின் சட்டங்களே இதில்தான் எழுதப்பட்டனவாம். ஊருக்கு ஊர் மாறுமாம், நான் பேசுவது அவர் பிறந்த கரையின் பேச்சாம். என் வயதில் வகுப்பில் இதைப் பேசியதற்காகத் தான் உள்ளங்கையில் அடி வாங்கியதாகவும் சொன்னார்.

அரசர்களாலும் அடியாலும் எனக்கு என்ன வந்தது? என் கண் அவர் கையிலிருந்த பேனாவில் இருந்தது. தனி அறை தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா! அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததில்லை.

ஆசிரியை நாற்காலியைச் சித்தப்பா பக்கம் நகர்த்தி, அவசரமில்லையென்றால் இன்னும் கொஞ்சம் பேசிவிட்டுப் போகச் சொன்னார். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு முன்னால் மாதக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருந்த சித்தப்பாவும் உட்காரப் பார்த்தார். நான் விடவில்லை. கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடையின் முடிவில் திரும்பிப் பார்த்தபோது, ஆசிரியை கதவருகே வந்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மனம் மாறிவிட்டாரோ என்று பயந்து, சித்தப்பாவை இன்னும் வேகமாக இழுத்தேன்.