கையுறையோடு இயக்க முடியுமா?

எங்கள் பிஸ்டலில் இருந்த குறை எனக்கு வால்பாறை போகிற பேருந்தில், பாதி மலையில் தெரிந்தது. அப்போது என் மடியில் இருந்தது பதினோரு மாத மகள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பீளமேட்டுக்கு அப்பால் ஒரு தனியார் தொழிற்சாலையில் நான் வடிவமைப்பு மதிப்பீட்டாளர். பல வருஷங்களாகப் பம்புக்கும் நூற்பாலை இயந்திரங்களுக்கும் உதிரிபாகம் செய்துகொண்டிருந்த நிறுவனம், சில வருஷங்களுக்கு முன் ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்ய உரிமம் வாங்கியது. இப்போது எங்களிடம் இரண்டு இருக்கின்றன. தொலைவில் இருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர் ரைபிள் ஒன்று, இடுப்பு உறையில் வைத்துக்கொள்ளும் பிஸ்டல் ஒன்று. இரண்டும் இங்கேயே வரைந்து, இங்கேயே கடைந்தவை. நான் வரைவதும் இல்லை, சுடுவதும் இல்லை. செய்து முடித்ததைக் கையில் எடுத்து, ராணுவம் கேட்டிருக்கும் ஒவ்வொரு தேவைக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து, நீளமான ஒரு படிவத்தில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று குறிப்பேன்.

"பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டுத் துப்பாக்கி வேலையா?" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். எனக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது. ஆனால் ரைபிளில் குண்டை உள்ளே ஏற்றிப் பூட்டும் போல்ட்டை முதல்முறை பின்னால் இழுத்துத் தள்ளிய நாளை நினைத்தால் இப்போதும் கை சிலிர்க்கும். எண்ணெய்மேல் வழுக்குவதுபோல் போய், கடைசியில் ஒரு சின்ன அழுத்தத்தோடு பூட்டிக்கொண்டது. இதை நம் ஊரில் செய்தார்களா என்று இருந்தது. அன்றைக்கு 'ஆம்' போடும்போது பேனாவை அழுத்திப் பிடித்ததில் தாள் கொஞ்சம் கிழிந்தது.

பிரசவ விடுப்புக்குப் போகும் முன்பே படிவத்தின் பெரும்பகுதியை முடித்துவிட்டேன். திரும்பி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு துப்பாக்கிகளும் பெட்டியில் ஏறி ராணுவத்தின் சோதனைக்குப் புறப்பட வேண்டியிருந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கணவர் வால்பாறைக்குக் கூட்டிப் போனார்.

குளிருமே என்று குழந்தைக்கு ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாம் போட்டேன். அதுவும் போதாது என்று, காந்திபுரத்தில் வாங்கிய கம்பளிக் கையுறையையும் மாட்டினேன். பொள்ளாச்சி தாண்டும்போதே குழந்தைக்கு வியர்த்தது. கழற்றவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பக்கத்து இருக்கையில் எஸ்டேட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்தார். "ஏனுங்க, கொழந்தைய வால்பாறைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, காஷ்மீருக்குங்களா?"

"அவளக் கேக்காதீங்க. கம்பளிப் போர்வைகூட எடுத்து வெச்சிருக்கறா" என்றார் கணவர்.

அந்தப் பெண், இருக்கையில் கிடந்த மகளின் கிலுகிலுப்பையை எடுத்து அவளிடம் நீட்டினார். அதன் பிடி ஒரு வளையம். மகளுக்கு அதில் விரலை விட்டு ஆட்டுவது பழக்கம். அன்றைக்கு விரல் நுழையவில்லை. கம்பளி வளையத்தில் முட்டி நின்றது. கோபத்தில் குத்தினாள், விரல் சட்டென்று உள்ளே போய் மறுபக்கம் இடித்தது.

காஷ்மீர். கையுறை. வளையம். துப்பாக்கியின் விசையைச் சுற்றியும் ஒரு வளையம் உண்டு, சுடுகிற விரல் அதற்குள்தான் நுழைய வேண்டும்.

எங்கள் படிவத்தில் ஒரு வரி உண்டு: 'கையுறை அணிந்து இயக்க முடியுமா?' ரைபிளுக்கும் பிஸ்டலுக்கும் நான்தான் 'ஆம்' போட்டிருந்தேன். போடும் முன் கையுறையோடு சோதித்தும் பார்த்தேன். அளவெடுக்கும் அறையில் உலோகத்தின்மேல் கைரேகை படக்கூடாது என்று நாங்கள் தினமும் மாட்டிக்கொள்ளும் வெள்ளைப் பருத்திக் கையுறை அது. எங்கள் தொழிற்சாலையில் கையுறை என்றால் அதுதான். படிவத்தைப் படித்த பத்துப் பேரில் ஒருவருக்கும் வேறு கையுறை நினைவுக்கு வரவில்லை. மார்கழியிலும் மின்விசிறி போட்டுத் தூங்குகிற ஊரில் வேறு எது நினைவுக்கு வரும்?

"என்ன அம்மணி, மூஞ்சி இப்படி ஆகிப்போச்சு? வாந்தி வருதா?" என்றார் கணவர்.

"இல்லீங்க. பிஸ்டல்."

"மலைக்கு வந்தும் பிஸ்டலா!"

சொன்னேன். அவர் நூல் வியாபாரம் பார்க்கிறவர். துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கிலுகிலுப்பையை வாங்கி வளையத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்குப் போனதும் கேட்டுப்போடு. தப்பா இருந்தா அவிய சிரிச்சுட்டுப் போறாங்க. கேக்காம உட்டா நீ தூங்க மாட்டே" என்றார்.

மலையில் என்ன பார்த்தோம் என்று இப்போது கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு நிமிடம், கண்டுபிடித்துவிட்டேன் என்று நெஞ்சு குதிக்கும். அடுத்த நிமிடம், இத்தனை பெரிய விஷயத்தை மற்றவர்கள் விட்டிருப்பார்களா, பிள்ளை பெற்று வந்தவளுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்பார்களே என்று இருக்கும்.

திங்கட்கிழமை காலை மகளைக் காப்பகத்தில் விட்டதும் நேராகத் துப்பாக்கி அறைக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருப்பவர் ஓய்வுபெற்ற ராணுவ வீரர், ஈரோட்டுப் பக்கத்துக்காரர். துப்பாக்கியை யார் தொட வேண்டுமானாலும், உள்ளே குண்டு இல்லை என்று அவர் திறந்து காட்டிய பிறகுதான் தொடலாம்.

"ஐயா, பனிமலைல என்ன கையுறைங்க போடுவீங்க?"

"உள்ளாற ஒண்ணு, வெளிய ஒண்ணுங்க. ரெண்டும் சேந்தா விரலு வெண்டைக்காய் மாதிரி இருந்தது வாழைக்காய் மாதிரி ஆயிரும்."

"அதப் போட்டுட்டு நம்ம பிஸ்டல..."

"எனக்கு அந்தச் சந்தேகம் இருந்துச்சுங்க" என்றார்.

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"நீங்க 'ஆம்'னு போட்டிருந்தீங்க. அம்மணி படிச்சவிய, பாக்காமயா போட்டிருப்பாங்கன்னு உட்டுட்டேனுங்க. போட்டதத் தப்புன்னு எப்படிச் சொல்றது? மருவாதயா இருக்காதுல்லங்க."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எங்கள் ஊர் மரியாதை ஒரு பிஸ்டலைப் பனிமலை வரைக்கும் அனுப்பி வைத்திருக்கும்.

கோயம்புத்தூரில் பனிக் கையுறைக்கு எங்கே போவது? அவரே வழி சொன்னார். எங்கள் மதிலை ஒட்டி ஒரு பவுண்டரி இருக்கிறது. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுகிறவர்கள் தடித்த தோல் கையுறை போடுவார்கள். ஓடிப்போய்க் கேட்டேன். "என்னங்க அம்மணி, துப்பாக்கிய எல்லாம் உருக்கப் போறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு ஜோடி கொடுத்தார்கள். மணலும் கரியும் அப்பியிருந்தது. உள்ளே என் வெள்ளைக் கையுறை, வெளியே அது.

ரைபிளைத்தான் முதலில் எடுத்தேன். போல்ட்டின் குமிழ் பெரிது. தடித்த கைக்கு அடங்கியது. விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையம் அகலம். விரல் தாராளமாக நுழைந்து, விசையைத் தொடாமல் பக்கவாட்டில் இருந்தது. கன்னம் வைக்கும் பலகையை ஏற்றி இறக்கும் திருகும் சிரமம் தரவில்லை. ரைபிள் தப்பித்துவிட்டது என்று தெரிந்ததும் கையுறையோடு கை தட்டிவிட்டேன். கரி பறந்தது.

அடுத்து பிஸ்டல். அவர் திறந்து காட்டி, மூடி, கையில் கொடுத்தார். சுவரை நோக்கிப் பிடித்து விரலை வளையத்துக்குள் விட்டேன். முட்டியது. கொஞ்சம் தள்ளினேன்.

டக்.

நான் விசையை அழுத்தவில்லை. விரல் உள்ளே நுழைந்ததிலேயே தோல் விசையைத் தள்ளிவிட்டது. குண்டு இருந்திருந்தால் வெடித்திருக்கும். எங்கோ ஒரு முகாமில், பக்கத்தில் நிற்பவர் காலில்.

மறுபடி செய்தேன். டக். மறுபடி. டக்.

"போதுங்க" என்றார் அவர், மெதுவாக.

தலைமை வடிவமைப்பாளர் அறைக்கு அந்தக் கையுறைகளோடுதான் போனேன். பிஸ்டலை வரைந்தவர் அவர். இரண்டு வருஷ உழைப்பு. கேட்டதும் அவர் முகம் சிவந்தது.

"பவுண்டரி கையுறைய மாட்டிக்கிட்டு எவனுங்க சண்டைக்குப் போறான்? மம்பட்டியத் தூக்கறதுக்கு உண்டான கையுறைங்க அது. ராணுவத்துக் கையுறைல நுழையலைன்னா சொல்லுங்க, ஒத்துக்கறேன். வெள்ளிக்கிழமை பெட்டி போவோணும்."

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. உண்மையான கையுறை மெல்லிசாக இருந்து, நான் இத்தனை பேரையும் பதற வைத்தது வீணாகப் போனால்? அல்லது நான் சொன்னது சரியாகி, வெள்ளிக்கிழமை பிஸ்டல் இல்லாமல் பெட்டி போனால்? இரண்டு வருஷம் உழைத்தவர்களின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

ராணுவ வீரர் தன்னோடு பணியாற்றிய ஒருவருக்குப் போன் செய்தார். அந்த நண்பரின் மகன் பனிமலைப் பணியில் இருந்து விடுப்பில் ஈரோட்டுக்கு வந்திருந்தான். செவ்வாய்க்கிழமை மதியம் காந்திபுரம் பேருந்து நிலையத்தில், ஈரோட்டுப் பேருந்தின் நடத்துனர் என்னிடம் ஒரு மஞ்சள் பையை நீட்டினார். உள்ளே உண்மையான கையுறை, இரண்டு அடுக்கு. அந்த வெயிலில் நகரப் பேருந்தில் நின்றுகொண்டே ஒன்றை மாட்டிப் பார்த்தேன். பவுண்டரி கையுறையைவிட மெல்லிசு. கம்பியைப் பிடித்திருந்த என் கையை, சுற்றியிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

இந்த முறை தலைமை வடிவமைப்பாளரே மாட்டிக்கொண்டார். முதல்முறை விரல் நுழைந்தது, சத்தம் இல்லை. என்னைப் பார்த்தார். இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை கொஞ்சம் வேகமாக, உறையில் இருந்து உருவி எடுப்பதுபோல் எடுத்தார்.

டக்.

பத்து முறை செய்தார். அதில் மூன்று முறை அந்தச் சத்தம் வந்தது. பிஸ்டலை மேசைமேல் வைத்து, கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

"இந்த 'ஆம்' யாருங்க போட்டது?"

"நானுங்க."

"அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டது?"

படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"நானுங்க அது" என்றார் அவரே. "எனக்கும் அந்த வெள்ளக் கையுறைதான் நெனப்பு." பிறகு திடீரென்று நாற்காலியைத் தள்ளி எழுந்தார். "டிராயிங்கத் திறங்க. இன்னும் மூணு நாள் இருக்குதுல்ல!"

அந்த மூன்று நாட்களில் பார்த்ததுபோல் நான் எங்கள் தொழிற்சாலையை என்றைக்கும் பார்த்ததில்லை. வளையத்தின் அடிப்பகுதியைக் கொஞ்சம் கீழே இறக்கி, முன்பக்கத்தைக் கொஞ்சம் தள்ள வேண்டும். சொல்வதற்கு அவ்வளவுதான். ஆனால் வளையம் பிஸ்டலின் உடலான சட்டத்தோடு ஒரே துண்டாகக் கடையப்பட்டது. அதை மாற்றினால் இடுப்பு உறையில் உட்காருமா, எடை கூடுமா என்று எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். அவர் வரைய, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டுக்கும் கேள்வி கேட்டேன். "நீங்க கேக்கறதுக்குப் பதில் சொல்றதுக்குள்ள ரெண்டு பிஸ்டல் கடஞ்சுபோடலாம்" என்றார். ஆனால் கேள்வி கேட்காதே என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கடைசல் பிரிவில் மற்ற வேலைகளை நிறுத்தி ஓர் இயந்திரத்தை ஒதுக்கினார்கள். தேநீர் இடைவேளையில் எல்லோரும் பனிக் கையுறையை ஒருவர் மாற்றி ஒருவர் போட்டுப் பார்த்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வடை எடுக்க முடிகிறதா என்று ஒரு பந்தயம்கூட நடந்தது.

பழைய படிவத்தில் 'ஆம்' என்பதை அடித்து, பக்கத்தில் 'இல்லை' என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், அளவெடுக்கும் அறையின் பருத்திக் கையுறையோடு சோதித்தது என் தவறு என்றும் எழுதினேன். எழுதின பிறகு மனசு லேசானது. அப்படி ஆகும் என்று எதிர்பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் புதிய சட்டம் வந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. பாகங்களைப் பொருத்தி, ராணுவ வீரர் திறந்து காட்டி, என் கையில் கொடுத்தார். கையுறையோடு விரலை விட்டேன். நுழைந்தது. விசைக்கும் விரலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. உறையில் இருந்து வேகமாக உருவிப் பார்த்தேன். சத்தம் இல்லை. ஐம்பது முறை செய்தேன். பிறகு அவர் செய்தார், கடைசல் பிரிவில் இருந்து இரண்டு பேர் செய்தார்கள். நானே அழுத்தினால் மட்டும்தான் அந்த 'டக்' வந்தது. அதைக் கேட்டு எல்லோரும் சந்தோஷத்தில் கத்தினார்கள்.

தலைமை வடிவமைப்பாளர் பேனாவை நீட்டினார். "போடுங்க அம்மணி. இப்ப சந்தேகம் ஒண்ணும் இல்லீங்களே?"

பேனாவை வாங்கினேன். படிவத்தில் வைத்தேன். எடுத்துவிட்டேன்.

"ஒண்ணு இருக்குதுங்க. இதுவரைக்கும் பாத்தவிய எல்லாம் வலது கைக்காரங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். ராணுவ வீரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் கையுறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசல் பிரிவின் வாசலுக்குப் போய், இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்:

"ஏனுங்க! இடது கைக்காரங்க யாராச்சும் இருக்கறீங்களா?"

கடைசி வரிசையில் இரண்டு பேர் கை தூக்கினார்கள். அவர்கள் முப்பது முறை உருவி, முப்பது முறையும் சத்தம் இல்லாமல் நின்ற பிறகுதான் 'ஆம்' போட்டேன்.