அவ்வாத் ஜெயித்த ஒரே பந்தயம்

இருபத்திரண்டு வருடம் ஜோர்டான் பாலைவனத்தில் பந்தயக் கார் ஓட்டியும் அவ்வாத் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அத்தனை வருடமும் பக்கத்து இருக்கையில் வழி சொல்லி வயிறெரிந்தவன் நான். பதினான்கு வயதிலேயே ஆட்டுக்கிடைகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டிய கை அவனுடையது. மணல் எங்கே சரியும் என்று சக்கரம் படுமுன்பே தெரியும். கெடுத்ததெல்லாம் காபி. வழியில் எந்தக் கூடாரத்துக்காரர் கையசைத்தாலும் பிரேக்கை மிதித்துவிடுவான்.

"பந்தயம்டா!" என்று கத்துவேன்.

"கூப்பிட்டவங்க மூஞ்சில புழுதி அடிச்சிட்டுப் போகச் சொல்றியா?"

கார் கொடுத்த அகபா நகர டயர் வியாபாரி ஃபக்ரிக்குக் கடைசியில் பொறுமை போயிற்று. "இந்தத் தடவையும் தோத்தா சாவிய என் மச்சான் பையன்கிட்ட குடுத்துடு. நீ தண்ணி லாரிக்கே போ."

ஐம்பது வயதில் அந்தப் பேச்சு. அவ்வாத் அன்று சாப்பிடவே இல்லை.

பந்தயத்தன்று ஆறு கூடாரங்களை நிற்காமல் தாண்டினான். ஒவ்வொன்றிலும் "மன்னிச்சிடுங்க" என்று கண்ணாடிக்குள் முணுமுணுத்தான். முதலிடத்தில் இருந்தோம். குறுக்கே வந்த ஒட்டகக் குட்டிக்காகத் திருப்பியதில் கார் மணலில் புதைந்தது. எதிரே ஷேக் முத்லக்கின் கூடாரம். இரண்டு நிமிடம் பின்னால், இரண்டாமிடத்தில் இருந்த மிஷால் வந்துகொண்டிருந்தான்.

நாங்கள் கேட்காமலே ஷேக்கின் பிள்ளைகள் காரைத் தூக்க ஓடினார்கள். ஷேக் அவ்வாத் கையில் காபியைக் கொடுத்தார். அவன் குடிக்காமல் கோப்பையைத் தரையில் வைத்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி வைத்தால் ஏதோ வேண்டுகோள் இருக்கிறதென்று அர்த்தம்; தருகிறேன் என்று சொல்லாவிட்டால் வீட்டுக்காரருக்கு மானக்கேடு.

"என்ன வேணும்னாலும் தர்றேன். குடி."

"பின்னாடி உங்க மருமகன் மிஷால் வர்றான், ஷேக். அவனுக்கும் ஒரு வாய் காபி குடுங்க."

ஷேக் தாடி குலுங்கச் சிரித்தார். "மாப்பிள்ளைக்கு வெறும் காபியா? டேய், ஆட்டை அறுங்கடா!"

அவ்வாத் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அதற்குள் மணலிலிருந்து வெளியே வந்திருந்த காருக்கு ஓடிவந்தான். திரும்பிப் பார்த்தேன். ஷேக் இரு கைகளையும் விரித்து நடுவழியில் நிற்க, மிஷாலின் கார் முக்கி முனகி நின்றது.

ஜெயித்தோம். ஃபக்ரி அவ்வாதைக் கட்டிப்பிடித்து, சாவி இனி உனக்குத்தான் என்றார். மிஷால் இரண்டு மணி நேரம் கழித்து, மீசையில் நெய் மினுங்க வந்து சேர்ந்தான். அடிதடிதான் என்று நினைத்தேன்.

"மாமா எந்திரிக்காம நான் எப்படிய்யா எந்திரிக்கிறது?" என்றவன், ரொட்டியில் சுற்றிய கறியை நீட்டினான். "உன் பங்கு. அப்புறம், ஆறு கூடாரத்துலேருந்தும் மாமாவுக்குப் போன் வந்துச்சாம். அவ்வாத் நிக்காமப் போறானே, உடம்புக்கு ஏதும் முடியலையான்னு எல்லாரும் கேட்டாங்களாம்."

அவ்வாதின் முகம் செத்துவிட்டது. பரிசுக் கோப்பையை ஃபக்ரியிடம் திணித்தான்.

"ஏறுடா. ஒவ்வொரு வீட்லயும் காபி குடிச்சாத்தான் இன்னிக்கு எனக்குத் தூக்கம் வரும்."

காபி குடித்தால் யாருக்குத் தூக்கம் வரும் என்று நான் கேட்கவில்லை. ஏறிக்கொண்டேன்.