ஹோதோர்ன் கதியால்

கனடாவில், மில்லிக்கனில் நாங்கள் வாங்கிய வீட்டின் முன்னால் ஒரு ஹோதோர்ன் மரம் நின்றது. உடம்பெல்லாம் விரல் நீள முள். வைகாசியில் வெள்ளைவெளேரென்று பூக்கும். கிட்டப் போனால் கருவாட்டு வாடை. எனக்கு அந்த மரத்தைக் கண்ணில் காட்டக் கூடாது. மனைவிக்கோ அதுதான் எல்லாம். நாங்கள் இங்கே வந்த பிறகு ஊரில் அவளுடைய தம்பியை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செய்தி வந்த அன்று வீட்டுக்குள் முடங்கியவள், முதன்முதலாக வாசல்படி தாண்டியது அந்தப் பூவைப் பார்க்கத்தான்.

அடுத்த பனிக்காலத்தில் உறைபனியின் பாரம் தாங்காமல் அடிமரம் இரண்டாகப் பிளந்துபோனது. அவள் அழவில்லை. சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். எனக்குப் பயம் பிடித்தது.

கொம்பை வெட்டி ஊன்றினால் வேலியாகும் என்பது யாழ்ப்பாணத்தான் எவனுக்கும் தெரியும். கிளுவையும் பூவரசும் அப்படித்தானே வேலிக் கதியாலாக நின்று தழைத்தன? சித்திரையில் பனி உருகியதும், பிளந்த மரத்திலிருந்து பன்னிரண்டு கொம்புகளை வெட்டி, அடியைச் சரிவாகச் சீவி, பின்வளவில் வரிசையாக நட்டு இறுக்கினேன். கதியாலின் தலை காயாமலிருக்கச் சாணி அப்ப வேண்டும். கனடாவில் சாணிக்கு எங்கே போவது? களிமண்ணை அப்பினேன். கையெல்லாம் முள் கிழித்த இரத்தம்.

வீடுகளுக்குத் தோட்டம் போடும் லாண்ட்ஸ்கேப்பிங் வேலை செய்கிற நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணை, உதைக் கிளுவையெண்டு நினைச்சீங்களே? தடியை ஊண்டினா உது வராது. நர்சரியிலை ஒட்டுக்கண்டு வாங்கித்தான் வைக்கோணும்."

"நீர் உம்மடை வேலையைப் பாரும்" என்றேன்.

இரண்டு வாரத்தில் தடிகள் துளிர்த்தன. மனைவி செருப்பும் போடாமல் ஓடிவந்தாள்.

"நான் ஒண்டு நினைச்சிருக்கிறன். ஒரு தடியெண்டாலும் வேர் பிடிச்சால், தம்பி எங்கையோ உயிரோடை இருக்கிறான்."

அப்போதே அவளைத் தடுத்திருக்க வேண்டும். நானும் சேர்ந்து நம்பினேன், மடையன். தடிக்குள் மிச்சமிருந்த ஈரம்தான் துளிராக வந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

காலையும் மாலையும் வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். ஆனி மாதம் இலைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. நான் மார்க்கம் நகரத்திலுள்ள ஒரு நர்சரிக்குப் போனேன். சட்டியில் வேரோடு நின்ற ஹோதோர்ன் கன்று ஒன்றை வாங்கிவந்து, அவள் தூங்கும்போது ஒரு தடியைப் பிடுங்கிவிட்டு அதை வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மனம் வரவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

நான் வந்தபோது அவள் பன்னிரண்டையும் பிடுங்கிப் புல்லில் கிடத்தியிருந்தாள். அடியெல்லாம் நான் சீவிய மாதிரியே இருந்தது. ஒன்றிலும் ஒரு வேர்நுனிகூட இல்லை.

கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அமைதியாகக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அவனுக்கு எந்த நாளெண்டு திவசம் செய்யிறது?"

பிடித்துக்கொண்டு போன நாள் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.