நாலு விரல் மின்னல்

லிஃப்ட் மெக்கானிக்கின் வேலையை மேடையேறிப் புகழ்ந்தவர் யாரும் இல்லை. புகழும்படியாக எதுவும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலையே. ஏறியவர் ஏறிய மாதிரியே இறங்கிப் போனால் அன்றைக்கு அவர் ஜெயித்துவிட்டார். நடுவழியில் நின்றால் மட்டும் உள்ளே இருப்பவர்களுக்கு அவர் ஞாபகம் வரும். கூடவே அவருடைய அம்மாவின் ஞாபகமும் வரும்.

எதுவும் நடக்காமல் இருப்பதற்காகவே பாதி ஆயுளைச் செலவழித்த மனிதருக்கு, ஏதாவது ஒன்று கண்ணெதிரே பளிச்சென்று நடந்தால் தேவலை என்று தோன்றியதில் தப்பில்லை. அந்த வயதில் சிலர் தலைக்குச் சாயம் பூசுகிறார்கள், சிலர் அரசியலில் குதிக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் லிஃப்ட்காரர் என்று அறியப்பட்ட இவர், வீட்டின் பின்னறையில் டெஸ்லா காயில் கட்ட ஆரம்பித்தார். மற்ற இரண்டையும்விட இதில் புகை அதிகம், பொய் குறைவு.

தெரியாதவர்களுக்காகச் சொல்வதென்றால், டெஸ்லா காயில் என்பது ஒரு பிவிசி குழாய். அதன்மேல் தலைமுடி கனத்தில் எனாமல் ஒயரை இடைவெளி விடாமல் அடியிலிருந்து நுனிவரை சுற்ற வேண்டும். அடியில் தடித்த செம்புக் கம்பியில் சில சுற்று, உச்சியில் ஓர் உலோக உருண்டை. அடிச் சுற்றில் மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை இப்படியும் அப்படியும் தள்ளிவிட்டால், உச்சியிலிருந்து ஊதா நிறத்தில் மின்னல் காற்றில் பாயும். தள்ளிவிடுகிற வேலையை மாஸ்ஃபெட் என்கிற கறுப்புச் சில்லுகள் செய்கின்றன. செய்கின்றன என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. பெரும்பாலும் அவை வெடிக்கின்றன.

“இது எதுக்குங்க ஆகும்?” என்று முதல் நாளே மனைவி கேட்டாள்.

“எதுக்கும் ஆகாது. பாக்க நல்லா இருக்கும்.”

“எதுக்கும் ஆகாத ஒண்ணைத்தான் ஏற்கனவே கட்டிக்கிட்டிருக்கேனே. அது பாக்கவும் நல்லா இல்ல.”

அவள் தையல்காரி. தைப்பது ஹாலில், துணி வெட்டுவது சாப்பாட்டு மேசையில். குடும்பம் சாப்பிட உட்காரும் முன் சாக்பீஸ் தூளை ஊதிவிட்டு, குண்டூசி ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று மேசையைக் கையால் தடவிப் பார்ப்பது அந்த வீட்டின் வழக்கம். நல்ல வெளிச்சமும் பெரிய ஜன்னலும் உள்ள பின்னறை அவளுக்கு வேண்டும். துணி வெட்டுவதற்கென்றே அவள் சொல்லிச் செய்த மேசை தச்சர் பட்டறையில் மாதக்கணக்கில் நின்றது. தச்சரோ அதன்மேல் அமர்ந்து சாப்பிடப் பழகிவிட்டார். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பதில் கணவன் மனைவிக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. வளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஆகவே ஓர் ஒப்பந்தம் வந்தது.

“மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன்” என்றாள் மனைவி. “ஒரு சாண் நீளத்துக்கு உங்க மின்னல் வந்துச்சுன்னா ரூம் உங்களுக்கு. அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். வரலைன்னா என் மேசை உள்ள வரும், உங்க குழாய் வெளிய போகும்.”

லிஃப்ட்காரர் யோசிக்காமல் ஒப்புக்கொண்டார். அப்போதே மின்னல் நாலு விரல் நீளம் வந்துகொண்டிருந்தது. நாலு விரலுக்கும் ஒரு சாணுக்கும் நடுவே அப்படியென்ன பெரிய தூரம்? கையை விரித்தால் எட்டிவிடுகிற தூரம்தானே?

அங்கேதான் சனி பிடித்தது.

மின்னல் நாலு விரல் வரும். வந்து, இன்னும் கொஞ்சம் நீளலாமா என்று யோசிக்கும். அந்த நேரம் பார்த்து ரிலே ஒன்று ‘டக்’ என்று விழும். எல்லாம் அணைந்துவிடும். அந்த ரிலே அவரே வைத்தது. மின்னோட்டம் ஓர் அளவைத் தாண்டினால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கிற காவல்காரன். அது இல்லாமல் ஒரு பொருளைக் கட்ட அவர் கைக்குத் தெரியாது.

ரிலே விழுந்தால் எங்கோ கோளாறு என்று அர்த்தம். கோளாறைத் தேடினார். இரண்டு மாஸ்ஃபெட் இருந்த இடத்தில் நாலு வைத்தார். நாலு விரல் வந்தது, டக். செம்புச் சுற்றை மேலே தூக்கினார், கீழே இறக்கினார், புதிதாகச் சுற்றினார். டக். பால்கனியில் வைத்திருந்த எர்த்தை மாற்றி, மாடியிலிருந்து ஒயரை இறக்கித் தரையில் தனியாகக் கம்பி அடித்தார். டக். உச்சி உருண்டைக்காகச் சமையலறையிலிருந்து இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களை எடுத்து வாயோடு வாய் வைத்து ஒட்டினார். அதில் மின்னல் முன்பைவிட அழகாக, நாலே விரல் வந்தது. அழகாக டக்கென்று நின்றது. கிண்ணம் காணாமல் போன விஷயம் மட்டும் நிற்கவில்லை. அது ஒரு வாரம் ஓடியது.

இதில் விபரீதம் என்னவென்றால், காயில் நன்றாக ஆக ஆகச் சீக்கிரமாக நின்றது. ஆரம்பத்தில் நாலு விரல் மின்னல் கொஞ்ச நேரமாவது நின்று முகம் காட்டும். இப்போது வந்ததும் போய்விடுகிறது, வந்த வீட்டில் தனக்குக் கடன் கொடுத்தவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்ட உறவினர் மாதிரி. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இவர் சாணே ஏறவில்லை. சறுக்கல் மட்டும் முழம் முழமாக வந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். லிஃப்ட்காரருக்குக் கூடம் மட்டுமா கோணல்? காற்றில் ஈரம் என்றார். கடைக்காரன் போலி மாஸ்ஃபெட் கொடுத்துவிட்டான் என்றார். சப்ளை சரியில்லை என்றார். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுகிறார்கள் என்று மட்டும்தான் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, காயில் ஓடும் போதெல்லாம் வாசலில் இருந்த ஒயர் இல்லாத காலிங்பெல் தானாக அடிக்கும். மனைவி தையலை விட்டு எழுந்து போய்க் கதவைத் திறப்பாள். வெளியே யாரும் இருக்க மாட்டார்கள். திரும்பி வந்து பின்னறை வாசலில் ஒரு நிமிடம் நிற்பாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

“அப்பா, அந்த ரிலேயையே கழட்டிட்டா என்ன?” என்று ஒரு நாள் மகள் கேட்டாள். கல்லூரியில் வணிகவியல் படிக்கிறவள். மின்சாரத்தோடு அவளுக்கு இருந்த தொடர்பு செல்போன் சார்ஜரோடு முடிந்தது.

லிஃப்ட்காரர் அவளைக் கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். “காவலுக்கு வச்ச ஒண்ணு நிறுத்துதுன்னா, அதுமேல கை வைக்கக் கூடாதும்மா. ஏன் நிறுத்துதுன்னு கண்டுபிடிக்கணும். கதவு தொறந்திருந்தாலும் ஓடட்டும்னு கதவு ஸ்விட்சுல தீக்குச்சி சொருகி லிஃப்டை ஓட்டின ஒருத்தனை நான் வேலைய விட்டே துரத்தியிருக்கேன், தெரியுமா?”

“இதுல யாருப்பா ஏறப் போறாங்க?”

அது கேள்வியாகவே அவருக்குப் படவில்லை.

கெடுவுக்கு முந்தின நாள் மத்தியானம், கையைப் பிசைந்துகொண்டு ஹாலுக்கு வந்தார். மனைவி யாருடைய சட்டைக்கோ காலர் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்தையும் மாத்தியாச்சு. மாத்தறதுக்கு இனி ஒண்ணும் இல்ல. ஆனாலும் கட் ஆகுது” என்றார், அவளிடம் என்றில்லை, பொதுவாக.

“கட் பண்ற அளவை யாரு வச்சது?” பல்லில் குண்டூசி இருந்ததால் அவள் குரல் குழறியது.

“நான்தான்.”

“எப்ப?”

“மொதமொதல்ல கட்டினப்ப.”

“அப்ப அந்தக் கறுப்புச் சில்லு ரெண்டுதானே? இப்ப நாலுங்கறீங்க, பெருசுங்கறீங்க. இந்தச் சட்டைக்காரர் மாதிரிதான். உடம்பு ஏறிப் போச்சு, காலரைப் பழைய அளவுக்கே தைன்னா மூச்சு முட்டாதா? சரி, நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”

அவரை அங்கிருந்து துரத்துவதற்காக அவள் சொன்னது அது. லிஃப்ட்காரர் நகரவில்லை. முதலில் அவருக்குக் கோபம் வந்தது, அவள் மேல். பிறகு சட்டைக்காரன் மேல். கடைசியில், வேறு யாரும் மிச்சம் இல்லாததால், தன் மேல். திருடனைத் தேடி வீட்டையே கொத்திப் போட்டவர், கதவைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்திருந்தது தானே என்று தெரிந்துகொண்டால் எப்படி இருக்கும்? கோளாறே இல்லை. இத்தனை நாளும் காயில் சரியாக வேலை செய்திருக்கிறது. அது வளர வளர, அதன் கழுத்தை அவர்தான் பிடித்திருக்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். புது மாஸ்ஃபெட் எவ்வளவு தாங்கும் என்று பார்த்தார். லிஃப்டின் இரும்புக் கயிறு தூக்கவேண்டிய பாரத்தைப்போலப் பல மடங்கு தாங்கும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர், தாங்குவதில் பாதிக்கு அளவை வைத்தார். பாதி என்பதே அவருக்குச் சூதாட்டம். ரிலேயின் திருகாணியை அந்த அளவுக்குத் திருகி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானும் வந்திருந்தான். மனைவியின் தம்பி, எந்த விஷயத்திலும் தீர்ப்புச் சொல்லத் தயாராக இருப்பவன். கிண்ண உருண்டைக்கு எதிரே, எர்த் கொடுத்த கம்பி ஒன்றை ஸ்டாண்டில் நிறுத்தினார் லிஃப்ட்காரர். மின்னல் இடைவெளியைத் தாண்டிக் கம்பியைத் தொட வேண்டும். இடைவெளியை அளந்து வைப்பது மனைவி. அவளிடம் டேப் இருந்தது.

முதலில் ஐந்து அங்குலம். எல்லோரும் அறை வாசலுக்குப் போனார்கள். லிஃப்ட்காரர் மெல்ல வோல்டேஜை ஏற்றினார். நாலு விரல் வந்தது. அவர் காது தானாக டக்குக்குக் காத்திருந்தது. டக் வரவில்லை. மின்னல் சரசரவென்று கிழிந்துகொண்டு போய்க் கம்பியைக் கவ்வியது. காலிங்பெல் விடாமல் அடித்தது. அறைக்குள் ஒரு கருகின, குளிர்ந்த வாசனை. மனைவிகூட டேப்பைக் கையில் பிடித்தபடி வாய் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழு அங்குலமும் தாண்டியது. எட்டை எப்போதாவது ஒரு தடவை தொட்டது. ஒன்பதில் மட்டும் கிளை கிளையாக நீண்டு, கம்பிக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, காற்றை நக்கிவிட்டுத் திரும்பியது. ரிலே இரண்டு தடவை டக்கென்றது.

“அக்கா, சாணுன்னா யாரு சாண்?” என்றான் மச்சான். “என் கைக்கு எட்டுதான் வரும். மாமா ஜெயிச்சாச்சு.”

“சாணுன்னா ஒம்போது அங்குலம். உன் கை குட்டைன்னா அதுக்கு டேப்பு என்ன பண்ணும்?”

“சரி மாமா, அந்தத் திருகாணிய இன்னும் கொஞ்சமே கொஞ்சம் திருகுங்க. பாதிக்குத்தானே வச்சிருக்கேன்னீங்க?”

லிஃப்ட்காரர் சுவிட்சை அணைத்தார். ஸ்க்ரூடிரைவரைத் திருகாணியில் வைத்தார். கால்வாசி சுற்று திருப்பினால் போதும். அறை அவருடையது. ஜன்னலும் வெளிச்சமும் அவருடையவை. மாஸ்ஃபெட்டின் முதுகில் இருந்த அலுமினியத் தகட்டை இன்னொரு கையால் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. ரொம்பச் சூடு இல்லை. கொஞ்சம் சூடு.

“வெடிச்சா சில்லுதானேப்பா போகும்” என்றாள் மகள் மெதுவாக. “யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

“தெரியும்மா.”

“அப்புறம் என்ன?”

தெரியும். வெடித்தால் நாலு கறுப்புச் சில்லு போகும், கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம். அறிவுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. கைக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அது தன் பாட்டுக்கு ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு நின்றது, மேல்மாடி பட்டனை அமுக்கியும் அசையாத லிஃப்ட் மாதிரி. அவருக்கு அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல எரிச்சல் வந்தது.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சட்டைப் பையில் சொருகினார். பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களில் மிச்சமிருந்த மின்சாரம் அடங்கும்வரை யாரையும் கிட்டே விடாமல் நின்றார்.

“மேசை எப்ப வருது?” என்றார்.

“நாளைக்குக் காலைலேயே கொண்டாரச் சொல்லிட்டேன்.” மனைவி டேப்பைச் சுருட்டினாள். ஜெயித்தவளின் முகமாக அது இல்லை. “ஏங்க, ஒரே ஒரு தடவை திருகித்தான் பாத்திருக்கலாமே. நான் என்ன வேணாம்னா சொன்னேன்?”

“வெடிச்சிருக்கும்.”

“வெடிக்காம இருந்திருந்தா?”

அவ்வளவு நேரம் தாங்கியவருக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. எர்த் ஒயரைக் கழற்றினார். குழாயைக் கிண்ணங்களோடு அலுங்காமல் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் நடு ஹாலில் நின்றார்.

“பீரோ மேல வைக்காதீங்க” என்றாள் மனைவி உள்ளே இருந்து. அறையின் அகலத்தை அவள் அளந்துகொண்டிருந்தாள். “அங்க நாளைக்குக் கொடுக்க வேண்டிய துணி இருக்கு.”