மெர்சி அக்காவின் அறுபத்து நான்கு எம்.பி.

போன வாரம் காட்பாடியில் ஒரு கணினிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். என் மடிக்கணினியை ஆன் செய்துவிட்டுக் காபி குடிக்கப் போனால், திரும்பி வரும்போதும் அது விழித்திருக்காது. இரண்டாவது காபிக்கு டாக்டர் தடை போட்டதால்தான் கடைக்கே வந்தேன்.

“ராம் ஏத்தணுமா சார், எஸ்.எஸ்.டி. மாத்தணுமா?” கவுன்டரில் இருந்த பெண் நிமிராமல் கேட்டார்.

எது நல்லது என்றேன்.

“அதுல இன்னா பண்ணுவீங்க?”

எழுதுவேன், மெயில் பார்ப்பேன், பழைய பாட்டுக் கேட்பேன்.

“அப்ப எஸ்.எஸ்.டி. போடுங்க. எட்டு ஜி.பி. ராம் இருக்குது, போதும்.”

விசாரணை அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவர் உறையைக் கிழித்து, சூயிங்கம் அளவில் ஒரு பச்சைப் பட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். பழக்கதோஷம், மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. அவர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

ஆம்பூரில் கணினியைத் திறந்தால் தோல் மணக்கும். உள்ளே சுற்றுகிற மின்விசிறிக்கு ஊர்ப் பாகுபாடு கிடையாது. வெளியே என்ன காற்று இருக்கிறதோ அதை இழுக்கும். ஒரு வருடம் ஓடிய கணினிக்குள் படிந்த தூசியில் பதனிட்ட தோலும் ஷூ ஒட்டுகிற பசையும் கலந்திருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். செய்தி இல்லாத மாலைகளில், அதாவது பெரும்பாலான மாலைகளில், பஜார் பக்கம், கணினியில் அச்சுக்கோத்துக் கொடுக்கிற மெர்சி அக்காவின் டி.டி.பி. கடையில் உட்கார்ந்திருப்பேன்.

அக்கா ஷூ ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலையில் பல வருடம் இருந்தவர். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் ஜோடியைத் திருப்பி அனுப்புவார். அந்த வேலையை விட்டு, கைக்கு வந்த பி.எஃப். பணத்தை அப்படியே கணினியிலும் லேசர் பிரிண்டரிலும் போட்டிருந்தார். “இது ஓடலன்னா திரும்ப ஃபேக்டரி லைனுக்குத்தான் போவணும். என் சீட்டுல இப்போ என் ஜூனியர் ஒக்காந்திருக்கா. அவ கீழ நான் நிக்கணும்” என்று ஒருமுறை சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அவருடைய சர்ச்சின் பொன்விழா மலர் போடுகிற வேலை அவருக்கு வந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படம், கீழே பெயர்கள். இருநூறு குடும்பம். வெளியீட்டுக்கு பிஷப் வருகிறார். சரியாக வந்தால் மற்ற சர்ச்சுகளின் வேலையும் வரும் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். சரியாக வராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை.

பத்தாவது குடும்பத்திலேயே கணினி நின்றுவிட்டது. அதற்கு இருந்த ராம் பதினாறு எம்.பி. ராம் வாங்குவதா, பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்குவதா என்ற விவாதம் ஒரு வாரம் நடந்தது. இரண்டுக்கும் சேர்த்துப் பணமில்லை. நான் ஹார்ட் டிஸ்க் கட்சி; ஒரு கட்டுரையில் படித்திருந்தேன். எதிர்வரிசை ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டும் வேண்டாம், உள்ளே புகுந்த எறும்புதான் காரணம் என்றார்.

கடைசியில் வேலூரிலிருந்து இம்தியாஸ் வந்தார். ஆம்பூரில் பாதிக் கணினிகளுக்கு அவர்தான் மெக்கானிக்.

“இன்னா பத்திரிகை, நீதான் ஹார்ட் டிஸ்க் சொன்னியா?” என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினார். “அக்கா, ஹார்ட் டிஸ்க்குன்னா உங்க ஃபேக்டரி குடோன். ராமுன்னா வேலை செய்ற டேபிள். குடோன் எவ்ளோ பெருசா இருந்தா இன்னா? டேபிள் கம்மின்னா லைன் நிக்கும்.”

அக்காவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அறுபத்து நான்கு எம்.பி. ராம் வந்தது. கணினி ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஜெராக்ஸ் கடைக்காரரே எறும்பை வாபஸ் வாங்கினார்.

அது மழைக்காலம். விலை உயர்ந்த சரக்கை அக்கா அப்படியே விடுகிறவர் அல்ல. வெளியீட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது கணினி தானாக அணைந்து அணைந்து, பிறகு எழவே இல்லை. இம்தியாஸ் வந்து மூடியைக் கழற்றினார். வெள்ளை மணிகள் உருண்டு மேசையெங்கும் ஓடின.

“இன்னாக்கா இது, ஜவ்வரிசி டப்பாவா?”

ஏற்றுமதி ஷூ பெட்டிகளில் ஈரம் உறிஞ்சுவதற்காகப் போடுவார்களே, அந்தச் சின்னப் பொட்டலங்கள். அக்கா ஒரு கைப்பிடி உள்ளே போட்டிருந்தார். ஒன்று நழுவி மின்விசிறியில் மாட்டிக் கிழிந்து, விசிறி நின்று, சூட்டில் போர்டு போய்விட்டது.

“ஷூவுக்குப் போட்டா ஜெர்மனி போற வரைக்கும் பூஞ்சை புடிக்கல. இது ஒரே எடத்துல தானே ஒக்காந்திருக்கு” என்றார் அக்கா.

“ஷூவுக்குள்ள ஃபேன் சுத்தாதுக்கா.”

அக்கா கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இம்தியாஸ் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினார். அது பிழைத்திருக்குமா என்பது அவருடைய வேலூர்க் கடையில் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். அக்கா அதை ஷூ தாளில் சுற்றி, பெண்கள் அளவு ஷூ பெட்டி ஒன்றில் வைத்தார். மூடும்போது கை பழக்கத்தில் ஒரு பொட்டலத்தைத் தேடியது. இம்தியாஸ் பார்த்தார். கை திரும்பிவிட்டது.

வேலூர் பஸ்ஸில் பெட்டி அக்காவின் மடியில் இருந்தது. பள்ளிகொண்டா வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

“புதுச் செருப்பாம்மா?” என்றார் கண்டக்டர்.

“இருநூறு குடும்பம்” என்றார் அக்கா.

கண்டக்டர் அக்காவுக்கு ஒரு டிக்கெட்தான் கிழித்தார்.

வேலூரில் மாட்டியதும் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டது. பிறகு திரையில் கோப்புகள் வரிசையாக வந்தன. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, “அந்தக் கடைசி படத்துல பார்டர் கோணலா இருக்குது, நவுரு” என்றார். மீதி வேலை அந்தக் கடையிலேயே முடிந்தது. பிஷப் மலரைப் புரட்டிப் பார்த்துவிட்டு யார் செய்தது என்று கேட்டாராம். மற்ற சர்ச்சுகள் வந்தன. அக்கா லைனுக்குத் திரும்பவில்லை. செல்போனில் எல்லாம் வந்து கடையை மூடியபோதுகூட அவராகத்தான் மூடினார்.

அந்த மலரின் ஒரு சி.டி. என்னிடம் உண்டு. காட்பாடியிலிருந்து வந்த சூட்டில், புது எஸ்.எஸ்.டி.யில் அதை ஏற்றிப் பார்த்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. ஒரு படம்கூடக் கெடவில்லை. ஸ்டுடியோ திரைச்சீலை முன்னால் குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். பெயர்கள் இருக்கும் கோப்புதான் கட்டமும் கோடுமாக வந்தது. அந்தத் தமிழ் எழுத்துருவைச் செய்தவர்கள் கடையைக் கட்டிப் பல வருடமாகிறதாம்.

ஓசூரில் மகள் வீட்டில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

“பேர் வரலக்கா.”

“ஆளுங்க வர்றாங்களா?”

“எல்லாரும் வர்றாங்க.”

“அப்போ ஒண்ணொண்ணா போட்டோ அனுப்பு. நான் சொல்றேன்” என்றார்.

அனுப்பினேன். முதல் நான்கு குடும்பத்துக்கு உடனே பெயர் வந்தது. ஐந்தாவதுக்கு, யாரென்று பார்க்கிறேன் என்று எழுதினார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.